இரவல் புலம்பல்

இன்று காலை பக்கத்து வீட்டுக் கேட்டுக்குப் பெயின்ட் அடிக்க ஒருவர் வந்திருந்தார். வத்தேகமப் பக்கத்து ஆள். தலையில் துவாயைக் கட்டிக்கொண்டு, காய்ந்துபோன பிரஷ் ஒன்றை மண்ணெண்ணெயில் ஊறப் போட்டுவிட்டு, துருவைச் சுரண்ட ஆரம்பித்தார். அந்த மணம் என் ஜன்னலுக்குள் ஏறி வந்தது. மண்ணெண்ணெய் மணம் வந்தால் மற்றவர்களுக்கு அடுப்பு ஞாபகம் வரும், இல்லாவிட்டால் மின்சாரம் இல்லாத காலத்து விளக்கு ஞாபகம் வரும். எனக்கு யாரோ செத்துப்போன ஞாபகம் வரும். சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

வேலைக்குப் போன புதிதில் நான் கண்டி டவுனில் ஓர் அச்சகத்தில் இருந்தேன். பெரிய தெருவிலிருந்து பிரிந்து போகும் ஒரு சந்து, அதற்குள் ஒரு பலகைக் கதவு. பின்னேரமானால் மெஷின் உருளைகளை மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் துடைப்போம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாலும் மணம் போகாது. சோற்றில் அந்த மணம், தலையணையில் அந்த மணம். கலியாணக் கார்டு, பில் புத்தகம், கோயில் நோட்டீஸ் எல்லாம் அடித்தோம். ஆனால் அச்சகத்துக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது கல்வெட்டுத்தான்.

கல்லில் வெட்டுவது அல்ல. யாழ்ப்பாணத்து ஆட்கள் வீட்டில் ஒருவர் இறந்து ஒரு மாதம் போனதும் அந்தியேட்டி என்று ஒரு கிரியை செய்வார்கள். வந்தவர்களுக்குச் சாப்பாடு போட்டு, இறந்தவரைப் பற்றி ஒரு சின்னப் புத்தகமும் கையில் கொடுத்து அனுப்புவார்கள். அந்தப் புத்தகத்துக்குத்தான் கல்வெட்டு என்று பெயர். கண்டியில் அரசாங்க உத்தியோகத்துக்கும் படிப்பிக்கவும் வந்து அப்படியே தங்கிவிட்ட யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் நிறைய உண்டு. அவர்கள் வீட்டுக் கல்வெட்டுகள் எல்லாம் எங்களிடம்தான் வரும்.

முதலில் பிள்ளையார் படம். பிறகு தேவாரம், இறந்தவரின் படம், வாழ்க்கை வரலாறு. அதற்குப் பிறகு வருவதுதான் முக்கியமான பகுதி, புலம்பல். மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல், பேரப்பிள்ளைகள் புலம்பல் என்று ஆளுக்கொரு பக்கம், எல்லாம் செய்யுளில். துக்கத்தில் இருக்கிற குடும்பம் உட்கார்ந்து செய்யுள் எழுதுமா? அதற்கு ஆள் வைத்திருந்தோம். முதலில் ஒரு வயதான பண்டிதர் எழுதினார். அவர் மகளோடு வெளிநாட்டுக்குப் போய்விட்டார். அப்போது நான் பைண்டிங் மேசையில் தாள் மடித்துக்கொண்டிருந்தேன். முதலாளி ஹமீது நானா என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, நீ ஏ.எல்.லுக்கு தமிழ் படிச்சதுதானே? கொஞ்சம் அழு பாப்பம்."

அப்படித்தான் நான் அழ ஆரம்பித்தேன். அப்போது எனக்குக் கலியாணம் ஆகவில்லை. ஆனால் அந்த ஒரு வருடத்துக்குள் எத்தனையோ பேருக்கு விதவையாகியிருந்தேன். டொக்டர்மாருக்கு, எஞ்சினியர்மாருக்கு, ஓய்வுபெற்ற தபாலதிபருக்கு. பேரனாகித் தாத்தாவைத் தேடினேன், மருமகளாகி மாமியைக் கூப்பிட்டேன். மருமகளாகி அழுவதுதான் கொஞ்சம் கஷ்டம்.

அழுகை எனக்குப் புதிது இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். நான் பிறந்தது மஹய்யாவையில். டவுன் மயானம் அங்கேதான் இருக்கிறது. எங்கள் வீட்டுப் பக்கமாகத்தான் எல்லா ஊர்வலமும் போகும். வெள்ளைக்கொடி கட்டியது, பேண்ட் வாத்தியம் வைத்தது, பறை அடித்தது எல்லாம். எந்தச் சத்தம் கேட்டாலும் அம்மா அகப்பையைச் சட்டியில் சாய்த்து வைத்துவிட்டு வாசலுக்கு வந்து நிற்பார். ஆளைத் தெரியாது, பாஷைகூட வேறாக இருக்கும், ஆனால் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் உள்ளே போவார். குழம்பு அடிப்பிடித்த நாட்கள் உண்டு. அப்பா அதையும் சாப்பிடுவார்.

அந்த அழுகையை நம்பித்தான் முதல் புலம்பலை எழுதினேன். மஹய்யாவையிலும் தேயிலைத் தோட்டங்களிலும் பெண்கள் பாடி அழுததை எல்லாம் நினைவுக்குக் கொண்டுவந்து, 'கம்பளியும் போர்த்தாமல் கடுங்குளிரில் மலையேறிக் காணாமல் போனீரோ' என்று உருக்கமாக முடித்தேன். எனக்கே கண் கலங்கிவிட்டது. புரூஃப் பார்க்க இறந்தவரின் தம்பி வந்தார். கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டு இரண்டு தரம் படித்தார்.

"தம்பி, எங்கட அண்ணர் பாங்க் மனேஜர். கம்பளி போர்த்திக்கொண்டு அவர் எந்த மலை ஏறினவர்?"

ஹமீது நானா மெஷினுக்குப் பின்னால் போய் நின்று சிரித்தது எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு, தோட்டத்து ஆட்கள் போர்த்துகிற அந்தக் கம்பளியை நான் விட்டுவிட்டேன். பண்டிதர் விட்டுப்போன பழைய கல்வெட்டுகளைப் பார்த்து ஒரு பொதுவான அழுகையைப் பழகிக்கொண்டேன். யாருக்கும் பொருந்தும், யாரும் குறை சொல்ல முடியாது.

ஆனால் உள்ளுக்குள் ஒரு உறுத்தல் இருந்தது. இந்த மனிதரை நான் பார்த்ததே இல்லை. நல்லவரா கெட்டவரா தெரியாது. 'சைவநெறி தவறாத தங்கமே' என்று எழுதுகிறேன். அவர் தவறினாரா இல்லையா என்று எனக்கு யார் சொன்னது? ஒருநாள் பின்னேரம் உருளை துடைத்துக்கொண்டிருக்கும்போது நானாவிடம் கேட்டேன்.

"நானா, தெரியாத ஆளுக்கு அழுவுறது பொய்தானே?"

அவர் யோசிக்கவே இல்லை. "மையத்துக்குச் சுத்துற கபன் துணி வெட்டுறவன் மௌத்தானவரத் தெரிஞ்சிக்கிட்டா வெட்றான்? அளவு சரியா ஈந்தா போதும், தம்பி."

அவருடைய மார்க்கத்தில் ஓலமிட்டு அழக்கூடாது. கண்ணீர் வந்தால் குற்றமில்லை, சத்தம் போடக்கூடாது என்று சொல்வார். அப்படிப்பட்டவர்தான் நாள் முழுக்கப் புலம்பல் அச்சடித்துக்கொண்டிருந்தார். அவருடைய வாப்பா காலமானபோது விடியற்காலை உயிர் போனது, பகலுக்குள் அடக்கம் முடிந்துவிட்டது. கொஞ்ச நாளில் அவர் அச்சகத்தைத் திறந்துவிட்டார். அந்த வாரம் மட்டும் ஒவ்வொரு மக்கள் புலம்பலையும் முதல் எழுத்திலிருந்து கடைசிவரைக்கும் தானே புரூஃப் பார்த்தார். சாதாரணமாகப் பெயரும் திகதியும் மட்டும்தான் பார்ப்பார்.

இப்போது டீச்சரைப் பற்றிச் சொல்கிறேன். உண்மையில் மண்ணெண்ணெய் மணம் வந்தால் எனக்கு முதலில் வருவது அவர் முகம்தான்.

அனிவத்தைப் பக்கம் ஒரு மேட்டு வீட்டில் யாழ்ப்பாணத்துத் தம்பதி இருந்தார்கள். கணவரான ஐயா உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், அந்த அம்மா டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் எல்லாரும் கனடாவில். ஐயாவை எனக்குத் தெரியும் என்றுகூடச் சொல்லலாம். வெள்ளிக்கிழமைகளில் கோயிலில் தேவாரம் பாடுவார். குரல் என்றால் அப்படி ஒரு குரல். பூசை முடிந்து பிரசாதத்துக்கு அவசரப்படுகிற பிள்ளைகள்கூட அவர் பாடினால் நிற்பார்கள். எனக்கு மேல் சிலிர்த்திருக்கிறது. அவர்தான் இறந்துபோனார். மூத்த மகன் கனடாவிலிருந்து போன் பண்ணி, கல்வெட்டில் ஒன்றும் குறையக்கூடாது, எல்லாப் புலம்பலும் வரவேண்டும் என்று சொல்லியிருந்தார்.

எழுதினேன். தெரிந்த ஆள் என்பதால் கொஞ்சம் மனதோடும் எழுதினேன். புரூஃபை வீட்டுக்குக் கொடுத்தனுப்பினோம். அடுத்த நாள் நல்ல மழை. டீச்சர் தனியாக வந்தார். குடையை மூலையில் சாத்திவிட்டு, நனையாமல் பொலித்தீன் பையில் சுற்றிக் கொண்டுவந்த தாள்களை எடுத்தார். கதிரையில் இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை.

"தம்பி, இதை எழுதினது நீரோ?"

"ஆமாங்க டீச்சர்."

மனைவி புலம்பல் பக்கத்தை மேசையில் விரித்து ஒரு வரியில் விரலை வைத்தார். 'வாய்திறந்து ஒருவார்த்தை வந்தெனக்குச் சொல்லாயோ.'

"இது ஆர் உமக்குச் சொன்னது?"

எனக்கு விளங்கவில்லை. "எதுங்க?"

"அவர் என்னோட கதைக்கிறேல்லை எண்டு."

மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. நானா அதை நிறுத்தினார். அந்த வரியை யாரும் எனக்குச் சொல்லவில்லை. இறந்தவரைப் பார்த்து, வாய் திறந்து பேசு என்று கேட்பது எல்லாப் புலம்பலிலும் வருவது. நான் அதைப் பண்டிதரிடமிருந்து எடுத்தேன், பண்டிதர் யாரிடமிருந்து எடுத்தாரோ. வழக்கத்துக்குப் போட்ட வரி அது.

"யாரும் சொல்லலைங்க டீச்சர். எல்லாருக்கும் நான் இதத்தான் எழுதுறேன்."

"எல்லாருக்குமோ?"

"ஆமாங்க."

டீச்சர் அப்போதுதான் கதிரையில் இருந்தார். தாளைப் பார்த்தபடியே கேட்டார்.

"அப்ப எல்லா வீட்டிலயும் இப்பிடித்தானோ?"

அவர் கேலிக்குக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்டார். அந்த விஷயத்தை அவர் கண்டியில் வாய்விட்டுச் சொன்ன முதல் ஆட்கள் நானும் நானாவும்தான் என்று அப்போது எனக்கு உறைத்தது. அதுவும் யாரோ சொல்லிக் கொடுத்துவிட்டார்கள் என்று நினைத்துத் தானாகவே சொல்லிவிட்டார். சொன்ன பிறகு மூடி மறைக்கவும் இல்லை.

பிள்ளைகள் சின்னதாக இருந்த காலத்திலேயே ஐயா அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டாராம். சண்டை ஒன்றும் இல்லை. ஏனென்று டீச்சருக்குத் தெரியாது. "பிள்ளையள் இருக்கேக்க அதுகளுக்கூடாகச் சொல்லுவார். அதுகள் போனாப் பிறகு ஜன்னலுக்கு வெளியால பாத்துச் சொல்லுவார், தேத்தண்ணி ஆறிப்போச்சு எண்டு." அடிக்கவில்லை, ஏசவில்லை, வீட்டுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. காலையிலும் மாலையிலும் சாமி அறையில் பாடுவார். டீச்சர் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் நின்று கேட்பார். வீட்டில் அவருடைய குரல் முழுதாகக் கேட்கிற நேரம் அது மட்டும்தான்.

நான் எவ்வளவோ நாள் யோசித்திருக்கிறேன். கடவுளிடம் அவ்வளவு உருகிப் பேசுகிற ஒருவருக்கு, பக்கத்தில் நிற்கிற மனுசியிடம் ஒரு வார்த்தை ஏன் வரவில்லை? சில நாள் அந்தப் பாட்டு முழுக்கப் பொய் என்று தோன்றும், அவர்மேல் கோபம் வரும். சில நாள், பாவம், அவரால் பேச முடிந்த ஒரே இடம் அதுதானோ என்றும் தோன்றும். எனக்கு மேல் சிலிர்த்தது பொய்யில்லை. அந்த அம்மா குசினியில் நின்றதும் பொய்யில்லை. இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்க இந்த வயதிலும் எனக்குத் தெரியவில்லை.

"அந்தப் பக்கத்த எடுத்துருவோமுங்களா டீச்சர்?" என்று கேட்டேன்.

"அதுக்குத்தான் வந்தனான். என்ர பேரில பொய் வேண்டாம், மனைவி புலம்பலை எடுத்துவிடுங்கோ எண்டு சொல்லத்தான் வந்தனான்." விரலை அந்த வரியிலிருந்து எடுக்காமலே பேசினார். "மற்றதெல்லாம் எடும். தங்கமே, துணையே, எல்லாத்தையும் எடும். இந்த வரி மட்டும் கிடக்கட்டும்."

நானாவுக்குத் தொழில் புத்தி. "ஒரு வரியா டீச்சர்? பக்கம் வெறுமையா ஈக்குமே."

"வெறுமையாத்தான் இருந்தது."

பிறகு குடையை எடுத்துக்கொண்டு வாசல்வரைக்கும் போனவர் திரும்பி நின்றார். "அவர் கதைக்கேல்லை, தம்பி. நானும் கேக்கேல்லை. ஒரு நாள் எண்டாலும், என்னோட கதையுங்கோவன் எண்டு நான் அவரைக் கேட்டதில்லை. கோவம், ரோசம், பிறகு பழகிப்போச்சு. என்ர வாயால கேக்காததை நீர் கேட்டிருக்கிறீர். அது கிடக்கட்டும்."

அன்று பின்னேரம் மகனிடமிருந்து போன் வந்தது. நானா விஷயத்தைச் சொன்னார். மனைவி புலம்பலில் ஒரே ஒரு வரிதான் இருக்கும், டீச்சரே நேரில் வந்து சொன்னார் என்று சொல்லி, இன்ன வரி என்று வாசித்தும் காட்டினார். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் அறுந்துவிட்டது என்று நினைத்து நானா "ஹலோ, ஹலோ" என்றார். பிறகு மகன் சொன்னாராம், "அம்மா சொன்னா அப்பிடியே விடுங்கோ." நடுவில் நின்று வார்த்தை கொண்டுபோன பிள்ளைதானே. நானா போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அளவு ரொம்பச் சரியாப் போய்த்து, தம்பி" என்றார்.

அந்தியேட்டி அன்று புத்தகக் கட்டுகளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு நான்தான் போனேன். வீடு நிறைய ஆட்கள். கோயிலில் யாரோ பதிவு செய்து வைத்திருந்த ஐயாவின் தேவாரத்தை ஒலிபெருக்கியில் போட்டிருந்தார்கள். அந்தக் குரல் மரவள்ளித் தோட்டம் தாண்டிக் கீழ்ரோடுவரைக்கும் போனது. சாப்பாட்டுக்கு முன்னால் புத்தகத்தைக் கொடுத்தார்கள். பெண்கள் புரட்டினார்கள். தேவாரத்தை, வாழ்க்கை வரலாற்றைத் தள்ளிக்கொண்டு போனவர்கள் அந்தப் பக்கத்தில் நின்றுவிட்டார்கள். ஒரு பெரிய வெள்ளைத் தாள், நடுவில் ஒரே வரி. முதலில் ஒரு அம்மா வாயை மூடிக்கொண்டு அழுதார். பிறகு பக்கத்தில் இருந்தவர். நான் அத்தனை நாள் எழுதிய எந்தச் செய்யுளுக்கும் அப்படி யாரும் அழுது நான் பார்க்கவில்லை.

"எவ்வளவு அன்பா இருந்திருக்கினம்" என்று ஒருவர் சொன்னது என் காதில் விழுந்தது.

டீச்சர் குசினி வாசலில் நின்றிருந்தார். ஐயாவின் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அவர் எப்போதும் நின்று கேட்ட இடம் அதுதான் என்று நினைத்துக்கொண்டேன். என்னைக் கண்டதும் கிட்ட வந்தார்.

"சாப்பிட்டீரோ, தம்பி?"

"இனித்தாங்க."

"எல்லாரும் அதைப் பாத்துத்தான் அழுகினம்." முகத்தில் பெருமையும் இல்லை, வருத்தமும் இல்லை. "அதில பொய் இல்லைத்தானே?"

"இல்லைங்க டீச்சர்."

தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே போய் எனக்கு இலை போடச் சொன்னார். நான் சாப்பிட்டேன். பாயசத்தை இரண்டாம் தரமும் வாங்கினேன் என்று ஞாபகம். இளவயது, எந்தத் துக்கத்திலும் பசித்தது.

அதற்குப் பிறகும் சில வருடம் எழுதினேன். ஆனால் அந்த வரியை வேறு யாருக்கும் போடவில்லை. போட நினைத்தாலும் கை நின்றுவிடும், அது ஒருவருக்குச் சொந்தமாகிவிட்ட வரி. பிறகு எனக்குக் கலியாணம் ஆனது. செல்வி தெல்தோட்டைப் பெண். அவளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டுமென்றால், பேசுவாள். என்னோடு பேசுவாள், நான் இல்லாவிட்டால் பருப்போடு பேசுவாள், காகத்தோடு பேசுவாள். எங்கள் குசினிக் குழாய் எத்தனை தரம் திருத்தினாலும் சொட்டும். "வாய மூட மாட்டியா நீ" என்று அதையும் அதட்டுவாள். டீச்சரின் கதையை ஒருநாள் அவளிடம் சொன்னேன். கேட்டுவிட்டு, அதிசயமாக, கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு சொன்னாள், "என்னால எல்லாம் ஒரு நாளு இருக்க ஏலாதுப்பா. செவுத்துல முட்டிக்கிருவேன்."

போன வருடம் அவள் போய்விட்டாள். எங்கள் மலையகத்து ஆட்களிடம் கல்வெட்டு வழக்கம் இல்லை. கருமாதிக்கு ஒரு நோட்டீஸ் அடித்தால் போதும். அவளுடைய தம்பி வந்து, "மச்சான், ஒங்களுக்குத் தெரியாத எழுத்தா, நாலு வரி எழுதிக் குடுங்க" என்று கேட்டான். பேனாவைப் பிடித்துக்கொண்டு பின்னேரம்வரைக்கும் இருந்தேன். ஊருக்கெல்லாம் விதவையாகி அழுதவனுக்கு ஒரு வரி வரவில்லை. கடைசியில் பெயரும் திகதியும் எழுதிக் கொடுத்தேன். டிஜிட்டல் பிரிண்ட் கடையில் அவர்களே ஒரு விளக்கும் ரோசாப்பூவும் போட்டு, ஏற்கெனவே இருந்த ஒரு கவிதையையும் சேர்த்துவிட்டார்கள். அளவு சரியாகத்தான் இருந்தது.

அச்சகம் இருந்த இடத்தில் இப்போது போன் கடை. ஹமீது நானா மௌத்தாகிவிட்டார். அவர் விருப்பப்படியே சத்தமில்லாமல் அடக்கினார்கள், நான் வாசலில் நின்று கொஞ்சம் அழுதேன். டீச்சர் மகனிடம் போய் அங்கேயே காலமானார் என்று கேள்விப்பட்டேன். மகன்மார் கல்வெட்டு அடித்தார்களா, யார் எழுதினார்கள் என்று தெரியாது. மயானத்துக்குப் போகிற ஊர்வலங்களும் இப்போது கண்ணாடி வாகனத்தில் சட்டென்று போய்விடுகின்றன. அகப்பையைச் சாய்த்து வைத்துவிட்டு வாசலுக்கு வருவதற்குள் தெரு காலியாகிவிடும். வருவதற்கும் ஆள் இல்லை.

மத்தியானம்போல் அந்தப் பெயின்ட்காரர் கதவைத் தட்டினார். "ஐயா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி தருவீங்களா?"

'இருங்க, தர்றேன்' என்று சொல்ல வாயெடுத்தேன், சத்தம் வரவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. விடிந்ததிலிருந்து நான் பேசிய முதல் வார்த்தை அது. அவர் தண்ணீர் குடித்துவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார்.

"வீட்டுல யாரும் இல்லீங்களா?"

"இல்ல."

அவரைப் போக விடாமல் வத்தேகமச் சந்தையைப் பற்றி, மழையைப் பற்றி, பெயின்ட் எத்தனை பூச்சு வேண்டும் என்பதைப் பற்றியெல்லாம் கேட்டேன். மரியாதைக்குப் பதில் சொன்னார். பிறகு காயாத கேட்டைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். மண்ணெண்ணெய் மணத்தைப் புதுப் பெயின்ட் மணம் மூடிவிட்டது.

டம்ளரைக் கழுவக் குசினிக்குப் போனேன். செல்வியின் படத்தை நான் முன்அறையில் மாட்டவில்லை, அவள் இருந்த இடத்தில்தான், அடுப்புக்கு மேலே மாட்டியிருக்கிறேன். கழுவின டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு அந்தப் படத்தைப் பார்த்தேன். செய்யுள் ஒன்றும் வரவில்லை.

"ஏதாச்சும் பேசேன்" என்றேன்.

குழாய் சொட்டிக்கொண்டே இருந்தது. அதை அதட்ட ஆள் இல்லை.